பிளாஸ்மா உருகுமட்டும்

கடையில பால் பைக்கெற் வாங்கினால் குளிர்ப்பெட்டிக்குள்ள நானே கையை விட்டு எடுப்பன். வெளியில கிடந்து சூடேறினதைத் தூக்கித் தந்தால் நான் கையால தொடமாட்டன். ஒருக்கால் கிளிநொச்சிச் சந்தைக்குப் பக்கத்தில ஒரு கடைக்காரர் அப்பிடி ஒண்டைத் தந்திட்டார். "இதென்ன பாலோ, சுடுதண்ணியோ? உங்கட பிள்ளைக்கு இதைக் குடுப்பியளோ?" எண்டு கடையில நிண்டு சன்னதம் ஆடிப்போட்டன். அந்த மனுசன் வாயைப் பிளந்துகொண்டு நிண்டது. திரும்பி வரேக்க எனக்கே வெக்கமாய்ப் போச்சு. பால் அப்பிடியொண்டும் சூடில்லை. ஒரு மனிசற்ர உடம்புச் சூடுதான் இருந்தது. அந்தச் சூடுதான் எனக்கு ஆகாது.

நான் வன்னியில ஒரு ஆஸ்பத்திரியின்ர ரத்த வங்கியில வேலை செய்யிறன். ரத்தம் எண்டால் எல்லாருக்கும் சிவப்புத்தான் ஞாபகம் வரும். ஒரு பை ரத்தத்தை மெசினில வைச்சுச் சுத்தினால் சிவப்பு அடியில இறங்கி, மேல மஞ்சளாய் ஒண்டு தெளிஞ்சு நிக்கும். அதுதான் பிளாஸ்மா. காயத்தில ரத்தம் உறைஞ்சு நிக்கிறதுக்கு வேண்டின சாமான் முழுக்க அந்த மஞ்சளுக்குள்ளதான் இருக்கு. கனக்க ரத்தம் போன ஆளுக்குச் சிவப்பை மட்டும் ஏத்திக்கொண்டிருந்தால் ஓட்டை வாளிக்குத் தண்ணி அள்ளின கதைதான். ரெண்டும் வேணும், ரெண்டும் உடன வேணும்.

கரைச்சல் என்னெண்டால், பிளாஸ்மா கெட்டுப்போகாமல் இருக்க உறைய வைக்க வேணும். கல்லு மாதிரிக் கிடக்கும். தேவையெண்டு வந்தால் எடுத்து இளஞ்சூட்டுத் தண்ணித் தொட்டிக்குள்ள விட்டு உருக்க வேணும். அதுக்கு அரை மணித்தியாலம். அந்தரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் உள்ளுக்க இருக்கிறது வெந்து ஒண்டுக்கும் உதவாமல் போம். கெஞ்சினாலும் அரை மணித்தியாலம், ஏசினாலும் அரை மணித்தியாலம். நான் ரெண்டும் செய்து பாத்தவள்.

வேலைக்கு வந்த புதுசில ஒரு மத்தியானம் ஸ்கந்தபுரத்தில இருந்து ஒராளைக் கொண்டு வந்தவை. உழவு ரக்ரர் வாய்க்காலுக்குள்ள பிரண்டு, இடுப்புக்கு மேல விழுந்திட்டுது. வெளியில பெரிசாய்க் காயம் இல்லை, எல்லாம் உள்ளுக்க உடைஞ்சு, வயித்துக்குள்ளயே ரத்தம் போய்க்கொண்டிருந்தது. ஆளை ஒப்பரேஷன் தியேட்டருக்குள்ள கொண்டு போக, நான் ரெண்டு பையை எடுத்துத் தொட்டிக்குள்ள விட்டன். தியேட்டரில இருந்து போன். "மிஸ், பிளாஸ்மா எங்கை?" "உருகுது டொக்டர்." திருப்பியும் போன். "மிஸ், என்ன செய்யிறியள்?" "உருகுது டொக்டர்!" மூண்டாந்தரம் நான் போனை எடுக்கேல்ல. எடுத்து என்னத்தைச் சொல்லுறது? பையைக் கையில பிடிச்சு அமத்திப் பாத்தால் நடுவில இன்னும் ஐஸ் கட்டி தட்டுப்பட்டது.

உருகின உடன ரெண்டையும் நெஞ்சோட அணைச்சுக்கொண்டு ஓடினன். தியேட்டர் வாசலுக்குப் போகேக்க உள்ளுக்க ஒரு சத்தமும் இல்லை. வேலை நடக்கிற தியேட்டர் அப்பிடி இராது. கதவைத் திறந்து வந்த நேர்ஸ் என்ர கையைப் பாத்திட்டுத் தலையை ஆட்டினா. "கடைசிவரைக்கும் தண்ணி தண்ணியெண்டு கேட்டவர்" எண்டு மட்டும் சொன்னா.

வாசலில கிடந்த வாங்குப் பலகையில அந்த ஆளின்ர மனுசி இருந்தவா. அவாவுக்குச் சொல்லிப்போட்டினம். அழேல்ல. என்னைப் பாத்தா, என்ர கையில இருந்த பையளைப் பாத்தா. "கொண்டு வந்திட்டியள்தானே பிள்ளை, ஏத்துங்கோவன்" எண்டா.

என்ர கையில ரெண்டு பையும் சூடாய் இருந்தது. உடம்புச் சூடு. உள்ளுக்க படுத்திருந்த அந்த ஆளில இருந்து அந்தச் சூடு போய்க்கொண்டிருக்க, என்ர கையில அது புதுசாய் வந்து நிண்டது. இதை நான் ஆருக்குச் சொல்லி ஆறுறது? அந்த மனுசியைப் பிறகு ரெண்டொருதரம் சந்தையில கண்டனான். அவாவுக்கு என்னை ஆரெண்டு மட்டுக்கட்டத் தெரியேல்ல. நான்தான் கண்ட உடன மரக்கறிக் கடைக்குப் பின்னால சுத்திப் போயிடுவன்.

ரத்தம் போற ஆக்களுக்குத் தாகம் எடுக்கும். அதைப் புத்தகத்தில படிக்க முன்னமே நான் கண்ணால கண்டனான்.

சண்டையின்ர கடைசி மாதங்களில அண்ணாவுக்கு வயித்தில காயம். ஒரு பள்ளிக்கூடக் கட்டடம், ஆஸ்பத்திரியாய் ஆக்கிக் கிடந்தது. வாங்குகளைக் கழட்டி வெளியில போட்டிட்டு நிலத்தில பாயைப் போட்டிருந்தினம். நானும் அம்மாவும் ரெண்டு பக்கத்தில இருந்தம். அம்மாவின்ர கையில ஒரு சோடாப் போத்தல் நிறையத் தண்ணி. அந்த நேரத்தில தண்ணியெண்டால் லேசுப்பட்ட சாமானில்லை, எங்கையோ கிணத்தடியில கியூவில நிண்டு கொண்டு வந்தவா. வயித்துக் காயத்துக்குத் தண்ணி குடுக்கக் கூடாது, குடுத்தால் செத்துப் போவான் எண்டு ஆரோ சொல்லிப்போட்டுப் போச்சினம். "அம்மா, ஒரு வாய்" எண்டான். பிறகும் கேட்டான். அம்மா போத்தலை முதுகுக்குப் பின்னால ஒளிச்சு வைச்சுக்கொண்டு, "பொறு ராசா, டொக்டர் வரட்டும்" எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவா. டொக்டர் வந்தவர்தான், வந்தும் ஏத்துறதுக்கு ஒண்டும் இருக்கேல்ல. அண்ணாவின்ர குறூப் ஏபி. அதுவும் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும், அவாவும் ஏபி.

அண்ணா போன பிறகும் அந்தப் போத்தல் நிறையத் தண்ணி இருந்தது. அம்மா அதைக் குடிக்கவுமில்லை, என்னைக் குடிக்க விடவுமில்லை. அவன்ர தலைமாட்டில ஊத்தினா. தாகத்தில எனக்கு நாக்கு ஒட்டிக் கிடந்தது. அந்த நேரம் அம்மாவில எனக்கு வந்த கோவத்தை நினைச்சால் இப்பவும் உடம்பு கூசும்.

தண்ணி குடுத்திருந்தாலும் அவன் தப்பியிருக்க மாட்டான் எண்டு படிச்சு வந்த பிறகு அம்மாவுக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பன். "அப்ப குடுத்திருக்கலாம்தானே" எண்டுதான் அவா அதுக்கும் சொல்லுவா. எந்தப் பக்கத்தால போனாலும் அம்மா அந்தப் போத்தலிலதான் வந்து நிப்பா. வீட்டில அண்ணாவின்ர படத்துக்கு முன்னால ஒரு செம்பு தண்ணி எப்பவும் இருக்கும். விடியக் காலமை பழையதைத் தென்னைக்கு ஊத்திப்போட்டுப் புதுசாய் நிரப்பி வைப்பா. அண்ணாவின்ர நாளில மட்டும் அம்மா பச்சைத்தண்ணி வாயில வைக்க மாட்டா.

நான் படிச்சுக்கொண்டிருந்த காலத்தில ஒருநாள் பெரிய கெட்டித்தனமாய் அம்மாவுக்கு வகுப்பெடுத்தன். ஏபி ஆக்களின்ர பிளாஸ்மா எல்லாக் குறூப்புக்கும் ஒத்துவரும், ஆனால் ஏபி ஆளுக்கு எண்டு வந்தால் ஏபியின்ரதான் வேணும், ஆக்கள் வலு குறைவு, தங்கம் மாதிரி எண்டு. அம்மா குசினியில தேங்காய் திருவிக்கொண்டு இருந்தவா, கையை நிப்பாட்டினா. "அந்த மஞ்சள் தண்ணியோ?" எண்டா. "தண்ணியில்லை அம்மா, பிளாஸ்மா" எண்டன். "தண்ணி கேக்கிற ஆக்களுக்குத்தானே அது போகுது?" எண்டா. நான் விசர் மாதிரி "ஓம், அப்பிடியும் சொல்லலாம்" எண்டிட்டன்.

எங்கட பக்கத்தில ஒரு வழக்கம் இருக்கு. செத்த ஆக்களின்ர நாளில ரத்தம் குடுக்கிறது. வீட்டில படத்துக்கு மாலை போட்டு விளக்குக் கொளுத்திப்போட்டு நேர எங்களிட்டத்தான் வருவினம். சில பேர் படத்தை ஷொப்பிங் பைக்குள்ள கொண்டு வந்து கட்டிலில பக்கத்தில வைச்சுக்கொண்டு படுப்பினம். ஆற்ற பேரில எண்டு நாங்கள் கேக்கிறேல்ல, கேக்காமலே சொல்லுவினம். மகன், தம்பி, மனுசி, ஒரு வீட்டில நாலு பேர். பைகளில நம்பர் மட்டும்தான் இருக்கும். ஆனால் திகதியைப் பாத்தால் எனக்குத் தெரியும் அது ஆற்ற நாளெண்டு. உறைபெட்டியைத் திறக்கிற நேரமெல்லாம் ஒரு குடும்பம் மாறி ஒரு குடும்பம் என்னை நிமிந்து பாக்கிற மாதிரித்தான் எனக்கு இருக்கும். கெதியாய் எடுத்துப்போட்டுக் கெதியாய்ச் சாத்துவன்.

அம்மாவும் அண்ணாவின்ர நாளில வரத் தொடங்கினா. ஒவ்வொரு வருசமும் அந்தக் கட்டிலடியில எங்களுக்குள்ள சண்டை. ரத்தம் குடுக்க முன்னம் தண்ணி குடிக்க வேணும், இல்லாட்டி மயங்கி விழுவினம். அம்மா குடிக்க மாட்டா. "அவன் குடிக்காமல் போன நாளில நான் குடிக்கிறதோ?" "அப்ப எழும்பிப் போங்கோ, உங்கட ரத்தம் எனக்கு வேண்டாம்." "உனக்கு ஆர் தந்தது?" இப்பிடி ஆக்கள் பாத்துச் சிரிக்கச் சிரிக்க வாய்த்தர்க்கம் நடக்கும். கடைசியில ஒரு கப் இளநீரில வந்து சமாதானம். இளநீர் தண்ணிக் கணக்கில்லையாம். பிறகு ரோட்டில கண்ட ஆக்களுக்கெல்லாம், "என்ர மஞ்சள் தண்ணி எல்லாருக்கும் பொருந்துமாம்" எண்டு சொல்லிக்கொண்டு போவா.

இனித்தான் நான் சொல்ல விரும்பாததைச் சொல்லப் போறன். பிள்ளை பெத்த பொம்பிளையளின்ர பிளாஸ்மாவை நாங்கள் ஏத்துறேல்ல. சிவப்பு போகும், மஞ்சள் போகாது. பிள்ளை வயித்தில இருக்கேக்க, அதின்ர ரத்தத்தைக் கண்டிட்டுத் தாயின்ர உடம்பு அதுக்கு எதிராய் ஏதோ ஒண்டைச் செய்து வைச்சுக்கொள்ளுமாம். அது வருசக்கணக்காய் மஞ்சளுக்குள்ள நிக்கும். எப்பவாவது ஒராளுக்கு அது நெஞ்சுக்குள்ள போய் மூச்சை அடைச்சிடும். அதால ஒதுக்கிறது. இது வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. அண்ணாவையும் பிறகு என்னையும் சுமந்ததாலயே அம்மாவின்ர தண்ணி ஆருக்கும் உதவாமல் போச்சு. இந்தக் கொடுமையை நான் எப்பிடி அவாவிட்டச் சொல்லுவன்? சொல்லேல்ல. ஒவ்வொரு வருசமும் "ஆருக்கோ போயிட்டுதோ பிள்ளை?" எண்டு கேப்பா. "போயிருக்கும் அம்மா" எண்டிட்டு நான் அடுப்படிக்குள்ள போயிடுவன்.

ஸ்கந்தபுரத்து ஆள் போன பிறகு எனக்கு ஒரே பிடிவாதம். எங்களுக்குப் பொறுப்பான டொக்டர் யாழ்ப்பாணத்து மனுசி, மெதுவாய்த்தான் கதைப்பா. அவாவின்ர அறையில போய் நிண்டு, உருகுமட்டும் ஆள் இருக்காது டொக்டர், முன்கூட்டியே உருக்கி வைக்க வேணும் எண்டு சொன்னன். அவாவும் அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருந்தவா. உருக்கினதைச் சாதாரணக் குளிர்ப்பெட்டியில அஞ்சு நாள் வைச்சிருக்கலாம். அதுக்குப் பிறகு எறியத்தான் வேணும். எப்பவும் ரெண்டு பை ஏபி உருக்கினபடி நிக்க வேணும், எந்தக் குறூப் ஆள் வந்தாலும் குறூப் பாக்க முன்னமே குடுத்துவிடலாம் எண்டு முடிவாச்சு. ஆஸ்பத்திரிக் கந்தோரில கணக்குப் பாக்கிற ஒருதர் வந்து, "மிஸ், வீணாய்ப் போகுதே" எண்டார். "நீங்கள் தியேட்டர் வாசலில வந்து நில்லுங்கோ, அங்கை என்ன வீணாய்ப் போகுதெண்டு காட்டுறன்" எண்டன். பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கிறேல்ல.

எறியிற வேலை எங்கட சிற்றூழியர் அக்காவின்ரது. அவாவின்ர ஆக்கள் மலையகத்தில தேயிலைத் தோட்டத்தில இருந்து ஒரு கலவரத்தோட இறங்கி வந்து தர்மபுரத்தில காடு வெட்டிக் குடியேறினவை. என்னை விட வாய் காரம். எங்களுக்குள்ள கீரியும் பாம்பும்தான், ஆனால் ஒருநாள் அவா வராட்டி எனக்கு வேலை ஓடாது. குடுத்த பைகள் எல்லாத்தையும் முதலில உறைய வைச்சிடுவம். சோதினை முடிவு வந்த பிறகு ஆகாததைப் பிரிச்சு அக்காவிட்டக் குடுப்பன், அவா மஞ்சள் குப்பைப் பையில கட்டி எரிக்க அனுப்புவா.

போன வருசம் அண்ணாவின்ர நாள் கழிஞ்சு கொஞ்சக் காலத்தில உறைபெட்டியைத் துப்பரவாக்கேக்க அடித்தட்டு மூலையில ரெண்டு பை கிடந்தது. ஒண்டு அம்மா அந்த வருசம் குடுத்தது. மற்றது அதுக்கு முதல் வருசத்தது, திகதியும் முடிஞ்சு போச்சுது. எனக்குக் கண்மண் தெரியாத கோவம். "அக்கா! இதென்ன வேலை?"

"கத்தாதீங்க மிஸ்" எண்டா. "அம்மா மகனுக்காகக் குடுத்தது. அதை எப்பிடி நான் எரிக்க அனுப்புறது? கை வரமாட்டேங்குது."

"இது வீடில்லை அக்கா, ரத்த வங்கி. ஆராவது தவறி எடுத்து ஏத்தினால் என்ன நடக்கும் தெரியுமோ?"

"நீங்களே போடுங்க அப்ப. உங்க அம்மாதானே. இந்தாங்க பை."

மஞ்சள் பையை விரிச்சு எனக்கு முன்னால பிடிச்சுக்கொண்டு நிண்டா. நான் பழைய பையைப் போட்டன். அதின்ர நாள் முடிஞ்சுதுதானே. மற்றதைப் போடக் கை நீட்டினன். கல்லு மாதிரிக் குளிர், விரல் விறைக்குது. போட ஏலேல்ல. "ஏற்றக்கூடாது" எண்டு சிவப்பில எழுதி ஒட்டி, பூட்டுப் போட்ட தட்டுக்குள்ள வைச்சிட்டு, "நாளைக்குப் பாப்பம்" எண்டன். அக்கா குப்பைப் பையைக் கட்டிக்கொண்டு போனா. அவா செய்தது பிழை, நான் செய்தது அதைவிடப் பிழை. எறிய வேண்டியதை எறியத்தான் வேணும், அதில எனக்கு இண்டைக்கும் ரெண்டு கதை இல்லை. ஆனால் நாளைக்கு நாளைக்கு எண்டே அது எத்தினையோ நாளாய் இழுபட்டுது.

அதே வருசம் சிறுபோக நெல் அறுவடை முடிஞ்ச கையோட ஒரு காலமை அவசர சிகிச்சைப் பிரிவில இருந்து போன். தர்மபுரத்துக்கு அங்கால ஒரு குடும்பம், கனகாலம் பத்தையாய்க் கிடந்த காணியைத் துப்பரவாக்கிக் குப்பையைக் கூட்டி நெருப்பு வைச்சிருக்கினம். மண்ணுக்குள்ள சண்டைக் காலத்துப் பழைய ஷெல் ஒண்டு கிடந்து வெடிச்சிட்டுது. அந்த வீட்டுப் பெடியனுக்குத் தொடையில காயம். சண்டை முடியேக்க அவன் தாயின்ர இடுப்பில இருந்திருப்பான். அண்ணாவைக் கொன்ற சண்டையின்ர மிச்சம் மண்ணுக்குள்ள இவனுக்கெண்டு காத்துக் கிடந்திருக்கு எண்டு நினைக்க எனக்குப் பத்தி எரிஞ்சது.

அக்கா அந்த ரெண்டு உருக்கின பையையும் தூக்கிக்கொண்டு பறந்தா. ஆளைக் கட்டிலில வைச்சு ஊசி குத்த முன்னம் பிளாஸ்மா அங்கை நிண்டுது. முந்தின காலமெண்டால் நான் அப்பத்தான் கல்லைத் தூக்கித் தொட்டிக்குள்ள போட்டிருப்பன். சிவப்பும் போச்சுது. அவன்ர குறூப்பைப் பாத்தன். ஏபி.

சிவப்பு எந்தக் குறூப்பும் அவனுக்கு ஏத்தலாம், பிளாஸ்மா ஏபியின்ரதான் வேணும். உறைபெட்டியைத் திறந்தால் நல்ல ஏபி ஒரேயொரு பை. முதல் நாள்தான் பிள்ளைப்பேற்றில ரத்தம் போன ஒரு மனுசிக்கு மிச்சத்தைக் குடுத்து முடிச்சிருந்தம். அந்த ஒண்டை உருகப் போட்டன். தியேட்டரில இருந்து போன். "மிஸ், அந்த ரெண்டும் நல்லாய்ப் பிடிச்சு வைச்சிருக்கு. ஆனால் காணாது. இன்னும் வேணும்." வவுனியா ரத்த வங்கிக்குப் போன் எடுத்தன், அனுப்பினம் எண்டினம், ஆனால் ரோட்டில வர வேணுமே. நான் தொட்டியடியில நிண்டு முழுசிக்கொண்டிருக்க அக்கா திரும்பி வந்தா.

"மிஸ், அம்மாவோட பை இருக்கே."

"வாயை மூடுங்கோ அக்கா" எண்டிட்டு டொக்டருக்குப் போன் எடுத்தன். என்ர குரல் எனக்கே ஆற்றையோ குரல் மாதிரிக் கேட்டது. "டொக்டர், ஒதுக்கின ஏபி ஒண்டு இருக்கு. சோதினை எல்லாம் சரி. உறைஞ்சபடி வெளியில எடுக்கவே இல்லை. பிள்ளை பெத்தவா எண்டதுக்காக மட்டும் ஒதுக்கினது."

"அது ஏன் இன்னும் அங்கை இருக்கு?" எண்டா.

நான் பையின்ர நம்பரை மட்டும் வாசிச்சன்.

"ஆற்ற?"

"என்ர அம்மாவின்ர."

வவுனியாப் பை எப்ப வருமெண்டு கேட்டா, இன்னும் ரோட்டில எண்டன். பிறகு, "இல்லாட்டிப் போயிடுவான். உருக்குங்கோ. மூச்சைக் கவனிக்கச் சொல்லித் தியேட்டருக்கு நான் சொல்லுறன். அது ஏன் அங்கை கிடந்ததெண்டு பிறகு கதைப்பம்" எண்டா. பிறகு நல்லாய்க் கதைச்சவாதான், வாங்கிக் கட்டினன். அது வேற.

அம்மாவின்ர பையைத் தொட்டிக்குள்ள விட்டன். அரை மணித்தியாலம். மெசின் தண்ணியை மெல்ல மெல்லக் கலக்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள்ள "அம்மா, ஒரு வாய்" எண்டு கேக்கும் எனக்கு. எப்பவும் கேக்கும், அண்டைக்குக் கூடக் கேட்டது. "பொறு ராசா" எண்டு வாய்விட்டே சொல்லிப்போட்டன். அக்கா என்னைப் பாத்தா, பாத்திட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நிண்டா.

முதல் போட்ட நல்ல பை உருக அக்கா கொண்டு ஓடினா. அம்மாவின்ரதை நானே எடுத்தன். துடைச்சு, நம்பர் பாத்து, நெஞ்சோட பிடிச்சுக்கொண்டு நடந்தன். விழுத்திப்போடுவனோ எண்ட பயத்தில ஓடேல்ல. உடம்புச் சூடு. ஆனால் இது அம்மாவின்ர சூடு எண்டு மனசுக்குத் தெரியும். அந்த நீட்டு விறாந்தையால வரேக்க தியேட்டர் பக்கம் காதைக் குடுத்துக்கொண்டு வாறன், சத்தம் இருக்கோ எண்டு. அதே வாங்கு. அதில ஒரு மனுசி, புகை மணக்கிற சீலையோட. பெடியன்ர தாய்.

என்ர கையைப் பிடிச்சுக்கொண்டா. "பிள்ளை, வழியெல்லாம் தண்ணி கேட்டவன். நான் குடுக்கேல்ல. குடுக்கக் கூடாதெண்டு ஏத்திக்கொண்டு வந்த வான்காரர் சொன்னவை. நான் செய்தது சரியோ பிள்ளை?"

அந்தப் போத்தல் என்ர கண்ணுக்கு முன்னால வந்து நிண்டது. "சரி அம்மா" எண்டன். "நீங்கள் செய்தது சரி. இந்தா, நாங்கள் குடுக்கிறம்."

கதவு திறந்தது. நேர்ஸ் தலையாட்டேல்ல. "கெதியாய்க் கொண்டாங்கோ!" எண்டு கையை நீட்டினா. உள்ளுக்க ஒரே சத்தம். கத்திரிக்கோல் விழுற சத்தம், ஆரோ ஆரையோ ஏசுற சத்தம், மெசின் அடிக்கிற சத்தம். என்ர வாழ்க்கையில அப்பிடி ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. பை என்ர கையை விட்டுப் போச்சுது. வாங்கில அந்த மனுசிக்குப் பக்கத்தில இருந்து நானும் அவாவோட சேந்து அழுதன். அவா என்னைத் தேற்றினா, பாருங்கோவன்.

வவுனியாப் பைகளும் வந்து சேந்தது. பின்னேரம் அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏத்தினவை. மூச்சுக்கு ஒரு குறையும் வரேல்ல. ஒரு காலை எடுக்க வேண்டி வந்திட்டுது. கொஞ்ச நாள் கழிச்சு டொக்டர் சொன்னா, எழும்பி இருந்து கஞ்சி குடிக்கிறானாம் எண்டு.

அதைக் கேட்ட அண்டைக்கு வீட்டை போக அம்மா முத்தத்தில மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தா. எனக்கு வாய் அடங்கேல்ல. "அம்மா, உங்கட மஞ்சள் தண்ணி ஒரு பெடியனுக்குப் போனது. இருக்கிறான். கஞ்சி குடிக்கிறானாம்" எண்டன்.

அம்மா நிமிரேல்ல. "ஒவ்வொரு வருசமும் போறதுதானே. இதென்ன புதுசாய் வந்து சொல்லுறாய்?"

எனக்கு அப்பத்தான் உறைச்சது. மிளகாயைப் பரவின அம்மாவின்ர கை நிண்டது. அம்மா என்ர முகத்தை நிமிந்து பாத்தா. என்னைப் பெத்தவா, நான் பொய் சொல்லேக்க முகம் எப்பிடிப் போமெண்டு அவாவுக்குத் தெரியாதோ.

"முந்தினதுகள் போகேல்ல, என்ன?" எண்டா.

நான் குந்தியிருந்து சிதறின மிளகாயைப் பொறுக்கினன். ஏன் போகேல்ல எண்டு கேப்பா, அண்ணாவைச் சுமந்ததால எண்டு நான் சொல்ல வேண்டி வரும் எண்டு பயந்தன். அம்மா அதைக் கேக்கேல்ல. வேற ஒண்டு கேட்டா.

"இந்தப் பெடியன் தண்ணி கேட்டவனோ?"

"ஓம் அம்மா. கேட்டவன்."

"குடுத்தனீங்களோ?"

"குடுத்தனாங்கள்."

அம்மா கையைச் சீலையில துடைச்சுக்கொண்டு எழும்பி உள்ளுக்க போனா. நான் பின்னால போனன். அண்ணாவின்ர படத்துக்கு முன்னால இருந்த செம்பை எடுத்தா. இத்தினை வருசத்தில அந்தத் தண்ணியை அவா வாயில வைச்சதை நான் காணேல்ல. நிண்ட நிலையில அண்ணாந்து மடமடவெண்டு முழுக்கக் குடிச்சா. நாடியால வழிஞ்சு சட்டையெல்லாம் நனைஞ்சது. பிறகு வெறுஞ் செம்பை என்னட்ட நீட்டினா.

"போய் நிரப்பிக்கொண்டு வா" எண்டா. "அவன் பாத்துக்கொண்டிருக்கிறான்."